உங்கள் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்: பெட்ரோல் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதில் கடிதம் டைப் செய்வோம், படம் பார்ப்போம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். அதே கம்ப்யூட்டரை வீட்டு வாசலில் நிற்கும் காருடன் இணைத்து, "உனக்கு என்ன கோளாறு?" என்று கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லேப்டாப்பும், சில நூறு ரூபாயில் கிடைக்கும் சிறிய அடாப்டர் ஒன்றும் இருந்தால் போதும்.

காலையில் கார் எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. சிக்னலில் நிற்கும்போது தானாக அணைந்து விடுகிறது. மைலேஜ் குறைந்துவிட்டது. டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. பெட்ரோல் செல்லும் பாதையில் ஏதோ சரியில்லை என்றால் இப்படித்தான் தெரியவரும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் வரும்போது கார் திணறி நின்றால், அது எரிச்சல் தரும் விஷயம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

இந்த நிலையில் பலரும் செய்வது என்ன? முதலில் ஸ்பார்க் பிளக் மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் பெட்ரோல் பம்ப். அதுவும் இல்லை என்றால் சென்சார். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் செலவு. அடாப்டரை வாங்கி இணைத்தவர்களும் இதே வலையில் விழுவதுண்டு. திரையில் ஒரு கோட் தெரிந்ததும், அதில் எந்த பாகத்தின் பெயர் இருக்கிறதோ அதை வாங்கி மாட்டிவிடுவார்கள். கோட் என்பது காய்ச்சல் போன்றது. அது அறிகுறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கோடுக்குப் பின்னால் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

கார்புரேட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு

வடசென்னைக்கும் காருக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில்தான் பூட்டி விற்றது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் காலத்து கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். 1983-ல் வந்த மாருதி 800-லும் அதுதான். திருகாணியைச் சற்றுத் திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு மெக்கானிக் சரி செய்துவிடுவார்.

1998-ல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோவில் தொடக்கத்திலேயே எம்.பி.எப்.ஐ. முறை இருந்தது. புகை விதிகள் கடுமையானதும் மாருதி 800-ம் அதே முறைக்கு மாறியது. இந்த முறையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் உண்டு. எப்போது, எவ்வளவு நேரம் அது பெட்ரோலைத் தெளிக்க வேண்டும் என்பதை ஈ.சி.யூ. என்ற சிறிய கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் இது எளிதில் புரியும். கீபோர்டும் மவுஸும் இன்புட் சாதனங்கள். மானிட்டரும் பிரிண்டரும் அவுட்புட் சாதனங்கள். ஈ.சி.யூ.வுக்கு சென்சார்கள் இன்புட். உள்ளே வரும் காற்றின் அளவு, இன்ஜினின் வெப்பம், ஆக்சிலரேட்டர் மிதிக்கப்பட்ட அளவு, புகையில் மிஞ்சியுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை அவை சொல்கின்றன. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவை அவுட்புட்.

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். ஈ.சி.யூ. கணக்குப் போட்டு பெட்ரோலைத் தெளிக்கிறது. பிறகு ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கிறது. புகையில் ஆக்சிஜன் அதிகமாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள், உடனே சற்றுக் கூட்டும். ஆக்சிஜன் இல்லை என்றால் பெட்ரோல் அதிகம் என்று பொருள், உடனே குறைக்கும். இந்தத் திருத்தத்தை அது ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். நாம் படிக்கப் போவது இந்தத் திருத்தத்தைத்தான்.

உங்கள் காரில் இந்த வசதி உள்ளதா?

காரின் ஈ.சி.யூ.வுடன் வெளியில் இருந்து பேசும் ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து ஓ.பி.டி.2 கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுடன் 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன.

2013 ஏப்ரலுக்குப் பின் தயாரான பெட்ரோல் கார் என்றால் தயக்கமின்றி முயற்சி செய்யலாம். 2010-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட கார்கள் பலவற்றிலும் வேலை செய்யும். அதற்கு முந்தைய கார்களில் அதே போன்ற சாக்கெட் இருந்தாலும், உள்ளே நிறுவனத்தின் சொந்த மொழி இருக்கக்கூடும். அப்போது அடாப்டர் இணையாது. அடாப்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி இன்னொன்று வாங்க வேண்டாம்.

சாக்கெட் ஸ்டியரிங்கிற்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் இருக்கும். மேலே எட்டு, கீழே எட்டு என மொத்தம் 16 துளைகள். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்ன வாங்க வேண்டும்?

இ.எல்.எம்.327 என்ற சிப்பின் பெயரில் விற்கப்படும் அடாப்டர் வேண்டும். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப் இது. சந்தையில் மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். வீட்டு உபயோகத்திற்கு நகலும் பெரும்பாலும் போதும். ஆனால் சில நகல்கள் சில கட்டளைகளை ஏற்காது. எனவே திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்கவும்.

யூ.எஸ்.பி., புளூடூத், வைபை என மூன்று வகைகள் உண்டு. லேப்டாப்புக்கும் ஆண்ட்ராய்ட் போனுக்கும் சேர்த்துப் பயன்படுத்த நினைத்தால் புளூடூத் வகை நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய புளூடூத் வகையை வாங்கக் கூடாது. வைபை வகையோ, ஐபோனுக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்ட புதிய புளூடூத் வகையோ வேண்டும்.

அடாப்டருடன் சிறிய சி.டி. ஒன்று வரலாம். அதில் உள்ள சாப்ட்வேரை அப்படியே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அவற்றில் திருட்டு நகல்களும் வைரஸும் இருக்க வாய்ப்புண்டு. தேவையான சாப்ட்வேரை அதைத் தயாரித்தவர்களின் தளத்தில் இருந்தோ, போனின் ஆப் ஸ்டோரில் இருந்தோ எடுத்துக்கொள்ளவும். ஆண்ட்ராய்ட் போனில் டார்க், கார் ஸ்கேனர் ஆகிய இரண்டும் பலரும் பயன்படுத்துபவை.

லேப்டாப்பில் இணைக்கும் வழி

1. இன்ஜினை அணைத்து, அடாப்டரைச் சாக்கெட்டில் செருகவும். அதன் விளக்கு எரியும். பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்பவும். செல்ப் அடிக்க வேண்டாம்.

2. விண்டோஸ் செட்டிங்ஸ் சென்று புளூடூத் பகுதியைத் திறந்து, ஆட் டிவைஸ் என்பதில் கிளிக் செய்திடவும். விண்டோஸ் 11-ல் அடாப்டர் பட்டியலில் வரவில்லை என்றால், அதே பகுதியில் உள்ள புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி என்பதை அட்வான்ஸ்டு என மாற்றி மீண்டும் தேடவும்.

3. பின் நம்பர் கேட்டால் 1234 அல்லது 0000 கொடுத்துப் பார்க்கவும்.

4. மோர் புளூடூத் செட்டிங்ஸ் திறந்து, காம் போர்ட்ஸ் டேபில் பார்த்தால் அடாப்டருக்கு எந்த எண் தரப்பட்டுள்ளது என்று தெரியும். அவுட்கோயிங் என்று எழுதியுள்ள வரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். உதாரணத்திற்கு காம்5 என்று வைத்துக்கொள்வோம்.

5. நீங்கள் நிறுவிய சாப்ட்வேரின் கனெக்ஷன் பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்தால் இணைப்பு ஏற்படும்.

கோட் சொல்வது என்ன?

சாப்ட்வேரில் ரீட் கோட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஈ.சி.யூ. சேமித்து வைத்துள்ள கோட்கள் வரும். பெட்ரோல் தொடர்பாக அடிக்கடி வருபவை இவை.

பி0171: பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.
பி0172: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு.
பி0300: எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டரில், பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்.
பி0230: பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் செல்லும் பாதையில் கோளாறு.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. ஆனால் பெட்ரோல் குறைவு என்று கண்டுபிடித்துச் சொன்னதே அந்த சென்சார்தான். அதை மாற்றுவது, காய்ச்சல் 102 என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கி எறிவதற்குச் சமம். சென்சார் கெடுவதே இல்லை என்று சொல்லவில்லை. அதை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கோடை உடனே அழிக்கவும் வேண்டாம். கோட் பதிவான நேரத்தில் காரின் வேகம், இன்ஜின் வெப்பம், சுமை ஆகியவை என்னவாக இருந்தன என்பதை ஈ.சி.யூ. ப்ரீஸ் ப்ரேம் என்ற பெயரில் சேமித்து வைக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளவும்.

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், மிஸ்ஸிங் கடுமையாக உள்ளது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். காரை ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது.

முக்கியமான எண்: பியூயல் ட்ரிம்

ஈ.சி.யூ. செய்யும் திருத்தத்திற்குப் பியூயல் ட்ரிம் என்று பெயர். சாப்ட்வேரின் லைவ் டேட்டா பகுதியில் இது சதவீதமாகத் தெரியும். ஷார்ட் டேர்ம் என்பது அந்தந்த நொடியின் திருத்தம். லாங் டேர்ம் என்பது பல நாள் ஓட்டத்தில் பழகிக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கூட்டல் குறி இருந்தால் பெட்ரோலைக் கூட்டுகிறது. கழித்தல் குறி இருந்தால் குறைக்கிறது. மொத்தம் 5 சதவீதத்திற்குள் இருந்தால் நன்று. 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். 20-ஐத் தாண்டினால் பி0171 போன்ற கோட் விரைவில் வரும். அதாவது, விளக்கு எரிவதற்குப் பல நாட்கள் முன்பே கோளாறு தொடங்கியதை இந்த எண்ணில் பார்த்துவிடலாம்.

இன்ஜின் சூடான பிறகே இதைப் படிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஈ.சி.யூ. ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்காமல் சொந்தக் கணக்கில் ஓடும்.

ஈ.சி.யூ.வுடன் நேரடியாகப் பேசலாம்

எந்தப் பெரிய சாப்ட்வேரும் இல்லாமல் இந்த எண்களைப் பெறலாம். புட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து திறக்கவும். கனெக்ஷன் டைப் என்பதில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம்5 என்றும், ஸ்பீட் கட்டத்தில் 38400 என்றும் கொடுத்து ஓப்பன் கிளிக் செய்திடவும். ஒரு கறுப்பு விண்டோ வரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாகும் வரை காத்திருக்கவும்.

முதலில் 0100 என்று டைப் செய்து என்டர் தட்டவும். அடாப்டர் சில நொடிகள் தேடிவிட்டு 41 00 என்று தொடங்கும் பதிலைத் தரும். கார் பேசத் தொடங்கிவிட்டது.

அடுத்து 0107 என்று கொடுங்கள். இது லாங் டேர்ம் ட்ரிம். பதில் 41 07 98 என்று வந்தால், கடைசியில் உள்ள 98-தான் விடை. ஆனால் அது ஹெக்ஸா டெசிமல் எண். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி, ஹெக்ஸ் பகுதியில் 98 கொடுத்தால் டெசிமலில் 152 என்று காட்டும். அதில் 128-ஐக் கழித்தால் 24. அதை 100-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்தால் 18.75. அதாவது ஈ.சி.யூ. 18.75 சதவீதம் கூடுதல் பெட்ரோல் கொடுத்துச் சமாளிக்கிறது. 0106 கொடுத்தால் இதே முறையில் ஷார்ட் டேர்ம் ட்ரிம் கிடைக்கும்.

0105 கொடுத்தால் இன்ஜின் வெப்பம். 41 05 78 என்று வந்தால், 78 டெசிமலில் 120. அதில் 40-ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ். 03 கொடுத்தால் சேமித்துள்ள கோட்கள் வரும். பதிலில் 01 71 என்று இருந்தால் அதுதான் பி0171. 04 என்பது கோட்களை அழிக்கும் கட்டளை. விளையாட்டாகக் கூட அதைத் தட்ட வேண்டாம்.

எண்களை வைத்துக் காரணம் தேடுவது

ட்ரிம்மை மூன்று நிலைகளில் குறித்துக்கொள்ளவும். முதலாவது, ஐடிலில் நிற்கும்போது. இரண்டாவது, நின்றபடியே 2500 ஆர்.பி.எம். வைத்துப் பிடிக்கும்போது. மூன்றாவது, மேம்பாலத்தில் ஏறுவது போல இன்ஜின் சுமையுடன் இழுக்கும்போது. மூன்றாவதைக் குறிக்க அருகில் ஒருவர் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது.

ஐடிலில் கூட்டல் அதிகம், ஆர்.பி.எம். கூடினால் சரியாகிறது: எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. வெடித்த வேக்குவம் ஹோஸ், தளர்ந்த கிளிப், இன்டேக் கேஸ்கட் ஆகியவற்றைப் பார்க்கவும். பல நேரங்களில் ஒரு சிறிய ரப்பர் டியூப் மாற்றினால் போதும்.

ஐடிலில் சரி, சுமையில் கூட்டல் ஏறுகிறது: பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வரவில்லை. பில்டர் அடைப்பு, பலவீனமான பம்ப், பம்புக்குக் குறைந்த வோல்டேஜ் ஆகியவை காரணமாகலாம்.

எல்லா நிலையிலும் கூட்டல்: அழுத்தம் மிகக் குறைவு, அல்லது காற்றை அளக்கும் சென்சார் தவறாகச் சொல்கிறது.

கழித்தல் அதிகம்: இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது வெப்ப சென்சார் பொய் சொல்லலாம். இதைச் சோதிப்பது எளிது. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இன்ஜின் வெப்பத்தைப் படிக்கவும். அது அந்த நேரத்தில் வெளியில் உள்ள வெப்பத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சாரின் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது.

கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால், சாவியை ஆன் செய்து பின் சீட் பக்கம் காது கொடுக்கவும். ஓரிரு நொடிகள் பம்ப் ஓடும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே, அதன் பிறகுதான் பம்ப்.

வடசென்னை கார்களுக்குக் கூடுதல் கவனம்

உப்புக் காற்று: ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாக நிற்கும் கார்களில் எர்த் போல்ட்டுகளிலும் கப்ளர்களிலும் பச்சை நிறத்தில் உப்புப் பூக்கும். அதனால் பம்புக்கு முழு வோல்டேஜ் போகாது. பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், ஆனால் அழுத்தம் வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதிய பம்பை மாட்டினாலும் அதே நிலைதான் இருக்கும்.

நிலக்கரித் தூசு: எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் அனல் மின் நிலையங்களும், நிலக்கரி இறங்கும் காமராஜர் துறைமுகமும் இருக்கின்றன. ஏர் பில்டர் விரைவில் அடைக்கும். இழுவை குறைந்தால் பெட்ரோல் கோளாறு என்று எண்ணும் முன் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

வெள்ளம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் ஏராளமான வாகனங்கள் நீரில் நின்றன. எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் அந்த நீருடன் எண்ணெயும் கலந்து வந்தது. இடுப்பளவு நீரில் நின்ற காரில், டேங்க் மூடி வழியாகவும் காற்றுக் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். அத்தகைய காரில் சாவியே போடக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, இழுத்துச் சென்று டேங்கைக் காலி செய்ய வேண்டும். சாவி போட்டால் பம்ப் ஓடி, அந்தத் தண்ணீரை இன்ஜெக்டர் வரை கொண்டு சேர்த்துவிடும்.

இ20 பெட்ரோல்: 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்தப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவியது. எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 1 கிராமுக்கு ஏறத்தாழ 14.1 கிராம் காற்று என்றால், இ20-க்கு ஏறத்தாழ 13.5 கிராம். எனவே இ10-க்குப் பழகிய காரில் இ20 போட்டால், ட்ரிம் 4 அல்லது 5 சதவீதம் கூடும். இது இயல்பானது. ஆனால் உங்கள் காரில் 18 என்று காட்டினால், பழி முழுவதையும் எத்தனால் மீது போட்டுவிட்டு இருக்க முடியாது. வேறு கோளாறும் உள்ளது.

எத்தனாலுக்கு இன்னொரு குணம் உண்டு. சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கலந்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். மழைக்குப் பிறகோ, பெட்ரோல் போட்ட உடனேயோ கார் திணறினால், மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு கண்ணாடி பாட்டிலில் சிறிது பெட்ரோல் எடுத்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கவும். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கில் தண்ணீர் இருக்கிறது.

பங்கில் சந்தேகம் வந்தால் பில்டர் பேப்பர் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேப்பரில் விட்ட பெட்ரோல் துளி கறையின்றி ஆவியாக வேண்டும். அளவில் சந்தேகம் என்றால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

ஒரு உதாரணம்

திருவொற்றியூரில் தெருவோரம் நிற்கும், 2014-ல் வாங்கிய சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேட்டில் இழுவை இல்லை. பி0171 வருகிறது. பம்ப் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், சென்சார் என்று இன்னொருவர் சொல்கிறார்.

ட்ரிம் பார்க்கிறோம். ஐடிலில் 5. நின்றபடி 2500 ஆர்.பி.எம்.மில் 10. மேட்டில் 22. சுமை ஏற ஏறக் கூடுகிறது. எனவே காற்றுக் கசிவு இல்லை. சென்சாரும் பெரும்பாலும் இல்லை. பெட்ரோல் அழுத்தம்தான் போதவில்லை.

இனி மலிவானதில் இருந்து தொடங்க வேண்டும். மல்டி மீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் 13.9 வோல்ட். பம்பின் கப்ளரில் அளந்தால் 11.6 வோல்ட். நடுவில் 2.3 வோல்ட் எங்கோ தொலைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தாலே தேட வேண்டும். எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைப் பார்த்தால் பச்சை பூத்திருக்கிறது. கழற்றி, உப்புத் தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினால் வோல்டேஜ் ஏறிவிடும். மேட்டில் ட்ரிம்மும் 5-க்கு இறங்கினால் வேலை முடிந்தது. செலவு ஒரு துண்டு உப்புத் தாள்.

வோல்டேஜ் முதலிலேயே சரியாக இருந்திருந்தால், அடுத்து மெக்கானிக்கிடம் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் ஏறத்தாழ 3 பார் இருக்கும். உங்கள் மாடலுக்கு உரிய அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளவும். அழுத்தம் குறைந்தால் பில்டர், அதன் பிறகு பம்ப். இந்த வரிசையில் சென்றால், பம்ப் மாற்ற வேண்டி வந்தாலும் அது ஊகத்தில் செய்த செலவாக இருக்காது.

செய்யக் கூடாதவை

பெட்ரோல் லைனை நீங்களே கழற்ற வேண்டாம். 3 பார் என்பது கார் டயரில் உள்ளதை விட அதிக அழுத்தம். சூடான இன்ஜின் மீது பெட்ரோல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். பம்பின் கப்ளரில் வோல்டேஜ் அளக்கும் முன் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்க்கவும். வந்தால் அளக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்கவும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு விஷம்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடவும். சாக்கெட்டுக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வரும் என்பதால், பல நாட்கள் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். பாஸ்வேர்ட் 1234 மட்டுமே உள்ள அடாப்டரைத் தெருவில் நிற்கும் காரில் விட்டு வைப்பதும் பாதுகாப்பல்ல.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

இந்த அடாப்டர் மெக்கானிக்கின் இடத்தைப் பிடிக்காது. பல ஆண்டு அனுபவம் உள்ளவரின் காதும் கையும் எந்த சாப்ட்வேரிலும் இல்லை. ஆனால் அவரிடம் போய் "வண்டி இழுக்கவில்லை" என்று சொல்வதற்கும், "ஐடிலில் ட்ரிம் 5, மேட்டில் 22, பம்பில் 11.6 வோல்ட்தான் வருகிறது" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதைக் கேட்டவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டாவதைக் கேட்டவர் நேராக இடத்திற்குப் போய்விடுவார்.

எக்செல்லில் ஒரு பைல் திறந்து, தேதி, கிலோமீட்டர், ஐடில் ட்ரிம், 2500 ட்ரிம், பெட்ரோல் போட்ட பங்க் என்று ஐந்து தலைப்புகள் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி அளந்து எழுதுங்கள். கார் நல்ல நிலையில் இருக்கும்போதே தொடங்கினால்தான், எந்த மாதத்தில் எண் ஏறத் தொடங்கியது என்று பின்னால் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் வரியை எழுதிவிடுங்கள்.